ஓட்டுநர் பக்கக் கதவு

ரோவீனா ஹூக்ஸ்ட்ராவின் சமையலறை அடுப்பில் கடைசியாக ஒழுங்காகக் கோழி வெந்தது, அவள் கணவர் டெல்மர் காரைப் பிரித்துப் போடுவதற்கு முந்தைய வாரம். அதற்குப் பிறகு அதில் வெந்தவை பெரும்பாலும் காரின் உறுப்புகள்தான். பெயிண்ட் பூசிய இரும்புத் துண்டுகளைப் பூச்சு இறுகுவதற்காகத் தட்டில் அடுக்கி, கேக் வேகவைப்பதுபோல் பக்குவம் பார்த்துப் பார்த்து எடுப்பார் டெல்மர். முகப்புக் கம்பிச் சட்டத்தைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுக் கழுவினார். சாப்பாட்டு மேசையில் கார்புரேட்டர் ஒரு குளிர்காலம் முழுக்க விருந்தாளியாகத் தங்கியிருந்தது. மகள் ஜோலீன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அதை நகர்த்தக்கூடாது என்று சொல்லி, எல்லோரையும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட வைத்தார்.

கார் என்னவோ அறுபத்திரண்டாம் வருடத்து ஓல்ட்ஸ்மொபைல். கல்யாணமான புதிதில் மூன்றாம் கையாக வாங்கியது. அதில்தான் தேனிலவுக்கு வடக்கே போனார்கள். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றபோது, ரோவீனா குடிக்க வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றை அதில் ஊற்றி ஊர்போய்ச் சேர்ந்தார்கள். ஜோலீன் அதன் பின்சீட்டில் வாந்தி எடுத்து வளர்ந்தாள். கிராண்ட் ஹேவன் ஏரிக்கரையின் மணல், எத்தனை கோடை போனாலும் அதன் தரைவிரிப்பைவிட்டுப் போகவில்லை. பிறகு கார் ஓய்ந்து, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டெல்மர் ஓய்வுபெற்ற மறுநாள் தார்ப்பாயை இழுத்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு அதை அசல் நிலைக்குக் கொண்டுவந்தார். அசல் நிலை என்றால், அந்தக் குடும்பம் அதில் ஏறியதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லாத நிலை. அத்தனை வருடமும் டார்ச் பிடித்தவள் ரோவீனா. எந்தப் பக்கம் பிடித்தாலும் அது தப்பான பக்கம்தான்.

இதற்கெல்லாம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிச்சிகன் மாநிலத்து ஜீலண்ட் ஊரில் ரோவீனாவின் நாக்குக்குப் பாதிரியாரே பயப்படுவார். பிரசங்கம் நீண்டால், பெப்பர்மிண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு பக்கத்து வரிசைக்கே கேட்கும்படி பெருமூச்சு விடுவாள். டெல்மரின் பழைய கார் சங்கத்து நண்பர்களுக்கு அவள் வைத்த பெயர் துருப்பிடித்தவர்கள்.

அப்படிப்பட்டவள் இந்த வசந்தத்திலிருந்து ஒரு விஷயத்தில் மட்டும் ஊமையாகிவிட்டாள்.

பிப்ரவரியில் பனி தள்ளும் இயந்திரம் சாய்ந்து ஓட்டுநர் பக்கக் கதவில் கோடு போட்டுவிட்டது. டெல்மர் தானே வண்ணம் கலந்து, தானே அந்தக் கதவுக்கு மட்டும் அடித்தார். ஏப்ரலில் காரை வெயிலில் உருட்டி நிறுத்தியபோது ரோவீனா சட்டென்று பார்த்துவிட்டாள். கார் முழுக்க நல்ல நீலம். கதவு மட்டும் வேறு. நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஏதோ ஒன்று. அவர் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "புதுப் பெயிண்ட் எங்க சேர்ந்திருக்குன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்றார்.

நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். காரணம் இருந்தது. டெல்மர் கார்த் தொழிற்சாலையில் காலம் முழுக்கப் பார்த்த வேலை, வண்ணப் பரிசோதனை. வரிசையில் வரும் கதவுகளை வெறும் கண்ணால் பார்த்து, நிறம் இம்மி பிசகினாலும் திருப்பி அனுப்புவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், மற்ற கணவன்மார் மீன் பிடித்த கதை சொல்வதுபோல், திருப்பி அனுப்பிய கதவுகளின் கதையைச் சொல்வார். அந்தக் கண்ணைத் தவிர அவருக்குப் பெருமைப்பட வேறொன்றும் கிடையாது. அது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அவர் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கோடையைக் கடத்திவிட்டால் போதும் என்று முடிவு செய்தாள்.

இதைவிட அதிசயம், துருப்பிடித்தவர்களும் வாய் திறக்கவில்லை. ஒரு திருகாணியின் தலை தப்பாக இருக்கிறது என்று மத்தியானம் முழுக்கச் சண்டை போடுகிற கூட்டம் அது. அவர்களில் வெண்டல் போஸ்மா என்பவர், ஒரு நண்பரின் அடக்கத்துக்குப் போன இடத்தில், செத்தவர் புகைப்படத்தில் சாய்ந்து நின்ற காருக்குச் சக்கர மூடி தவறு என்று விதவையிடம் சொன்னவர். அந்த வெண்டல் கதவைப் பார்த்தார், ரோவீனாவைப் பார்த்தார், பிறகு டயரைப் புகழ ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் டெல்மரின் காருக்கு வேலியோர இடம்தான். ஓட்டுநர் உட்காரும் இடது பக்கம் செடிக்குள். நிழல் நல்லது என்பார்கள்.

ஆகஸ்ட் சனிக்கிழமை, பெரிய கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை கார் காட்டினால் அந்த ஊரில் நரகம்தான் என்பதால் சனி. காரை மூடிய டிரெய்லரில் வெண்டல் இழுத்து வந்தார். ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டியை ஓட்டாமல் சுமந்து வருவது அங்கே மிக உயர்ந்த மரியாதை. வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் மடக்கு நாற்காலியில் ஒரு கிழவர். காலையிலிருந்து மாலைவரை தன் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. சிலர் ஒரு துணிப் பொம்மையை, அடி வாங்கிய குழந்தை அழுவதுபோல் முகத்தைப் பொத்திக் காரில் சாய்த்து வைப்பார்கள். பார்க்கிறவர்கள் உண்மைக் குழந்தை என்று ஏமாந்தால் அவர்களுக்கு அன்றைய நாள் பலித்தது.

ரோவீனா பல வருடமாகக் கேலி செய்த அந்தப் பொம்மை ஒன்றை வெண்டலிடம் இரவல் வாங்கி, ஓட்டுநர் கதவில் சாய்த்து வைத்தாள். காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் மாட்டுவதுபோல், ஜன்னலில் பிளாஸ்டிக் பர்கர் வைத்த தட்டைத் தொங்கவிட்டாள். போதாதென்று தன் ஸ்வெட்டரையும் பக்கக் கண்ணாடியில் மாட்டினாள். டெல்மர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவளுக்கு இப்போதாவது ரசனை வந்ததே என்று மட்டும் சொன்னார்.

நடுவர் லான்சிங்கிலிருந்து வந்த இளைஞர். பெயர் பிரைஸ். என்ஜினுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், மெச்சினார். வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தபோது ரோவீனா பாதாம் ரொட்டித் தட்டோடு குறுக்கே நின்றாள். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். நன்றி சொன்னார். பிறகு பொம்மையைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் இன்னொன்று எடுத்துக்கொண்டு பொம்மையைத் தானே நகர்த்தினார்.

பார்த்ததும் அவர் வாய் திறந்தது. ரோவீனா அவர் முழங்கையைப் பிடித்து டிரெய்லருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். ஆயுளில் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. எதற்கு வேண்டுமானாலும் மதிப்பெண்ணைக் குறைக்கட்டும், கதவைப் பற்றி மட்டும் டெல்மரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் என்ன வேலை பார்த்தவர் என்று சொன்னாள். குரல் உடைந்தது, அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. குறையைச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் எழுத விதி இல்லையே என்று பிரைஸ் சங்கடத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து டெல்மரின் குரல் கேட்டது.

"எழுதுப்பா. கதவோட நிறம் சேரலை. எனக்குத் தெரியும்."

பிரைஸ் விட்டால் போதுமென்று எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். ரோவீனா டெல்மரைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்து. பெயிண்ட் டப்பா மூடியைக் கடையில காமிச்சேன், வேற நீலம்னான். அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல புரையாம். அக்டோபர்ல எடுத்துடலாம்னாரு."

"தெரிஞ்சும் ஏன் மறுபடி அடிக்கலை?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ தெனம் அதுக்கு முன்னால நிக்கிற. ஒரு வார்த்தை சொல்லலை. நீ! டார்ச் பிடிக்கும்போதே என்னைத் திட்டினவ. சரி, உனக்கும் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். நான் கதவை மாத்தி அடிச்சா ஏன்னு கேப்ப. கேட்டா, உனக்கு அது தெரியலைங்கிறதைச் சொல்லணும். பயந்துடுவியேன்னு விட்டுட்டேன்."

ரோவீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கண்காட்சியில் போன அரை மதிப்பெண்ணுக்காகச் சொந்தத் தம்பியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்த மனிதர் இவர். மிச்சிகன் மாநிலமே பார்க்கும் இடத்துக்கு, தப்பென்று தெரிந்தே, அந்தக் கதவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இத்தனை வருடக் கல்யாணத்தில் அவர் அவளிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கத்து ஆண்களுக்கு அது வழக்கமும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் துருப்பிடித்தவர்கள் மடக்கு நாற்காலிகளிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கை மட்டும் சிந்திக்கொண்டாள்.

"கேவலமா இருக்கு, டெல்மர்," என்றாள்.

"ரொம்பவா?"

"பட்டாணி சூப்பு மூணு நாள் பழசான கலர். கார் கல்யாணத்துக்குக் கெளம்பியிருக்கு, கதவு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பியிருக்கு."

டெல்மர் சிரித்தார். வெண்டல் வேலியோரத்திலிருந்து எழுந்து, தானும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார். முதலில் நான் முடிக்கிறேன், வரிசையில் வா என்றாள் ரோவீனா. ஏப்ரலிலிருந்து விழுங்கியது ஏராளமாக இருந்தது. டெல்மர் தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம், சொல்லு," என்றார். "ஒண்ணையும் விடாத."