லுங்கி விளம்பரத்தில் முடிந்த கதை

பரந்தாமனிடம் நவீனத்துவம் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று அவன் எழுதிய கதைகளில். அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொன்று அவன் தலையில். தோளில் புரளும் முடியும் நெஞ்சைத் தொடும் தாடியுமாக அவன் திருத்தணி பஜாரில் நடந்து தாலுகா ஆபீசுக்குப் போவதை ஊரே பார்த்தது. வருஷம் பூராவும் மொட்டைத் தலைகள் மலையிலிருந்து இறங்கிவரும் ஊரில், எல்லோரும் கொட்டிவிட்டுப் போகும் சரக்கை ஒருத்தன் மட்டும் பதுக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது அது.

அவன் மனைவி ரஞ்சிதம், பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி துளசிங்கத்தின் மகள். அனுப்பிய கதை திரும்பி வரும்போதெல்லாம் புருஷன் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது அவளுக்கு அலுத்துப்போய், நேராக மலைக்குப் போய் முருகனிடமே பேசிவிட்டாள். கதை அச்சில் வந்தால் தேங்காய் உடைப்பதாகச் சொன்னாள். கதை திரும்பி வந்தது. பால்குடம் என்றாள். அடுத்த கதையும் திரும்பி வந்தது. கடைசியில் புருஷனுடைய தலைமுடியைத் தருவதாகச் சொன்னாள். தன் பொருளை வைத்துப் பேசியபோது படியாத பேரம் அடுத்தவர் பொருளை வைத்ததும் படிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வரும் 'விலகல்' என்ற சிறுபத்திரிகை கதையை எடுத்துக்கொண்டது. இது எண்பத்தேழாம் வருஷம் நடந்தது.

செய்தி பொதட்டூர்பேட்டைக்கு எட்டியதும் துளசிங்கம் யாருக்கும் சொல்லாமல் அந்தப் பத்திரிகைக்கு ஒரு விளம்பரம் கொடுத்தார். மாப்பிள்ளை பேர் வருகிற புஸ்தகத்தில் மாமனார் பேர் இல்லாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

பத்திரிகை வந்தது. கதையின் பெயர் 'தாழ்ப்பாள்'. லாட்ஜ் அறையில் ஒருவன் தனியாக இருக்கிறான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறக்கலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறான். கடைசியில், 'தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தான். வெளியே' என்று பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் முழுப் பக்கத்துக்குத் 'துளசிங்கம் லுங்கிகள். உடுத்தியவர் விடமாட்டார்.' பக்கம் பற்றாமல் அச்சகத்தில் யாரோ கதையின் வாலை வெட்டி, காசு கொடுத்த விளம்பரத்தை வாழ வைத்திருந்தார்கள்.

பரந்தாமன் சுவர்ப் பக்கம் திரும்பப் போனான். ரஞ்சிதம் விடவில்லை.

"கதை வந்துடிச்சி இல்ல? வர்ற கிருத்திகைக்கு மொட்டை."

"எங்க வந்திச்சி? கடைசிப் பக்கம் காணோம். தலையில்லாம முண்டம் வந்து கீது."

"தலை இல்லன்னு சொல்லித் தலைய காப்பாத்திகினு போலாம்னு பாக்கறீங்களா?"

வழக்கு துளசிங்கத்திடம் போனது. அவர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து, முதலில் தம் விளம்பரத்தைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, பிறகு கதையைப் பார்த்தார்.

"மாப்ள சொல்றது நியாயம்தான், ரஞ்சிதம். ஆர்டர் போட்ட சரக்குல குறைச்சல் இருந்தா நாம பில்லுக்குக் காசு குடுப்பமா? சாமியா இருந்தாலும் அதான் கணக்கு."

"சரி நைனா. முழுக்கதையும் வரட்டும். அப்பால தாடியும் சேத்து எடுக்கணும்."

குறைச்சலுக்குக் காரணமே அவருடைய லுங்கிதான் என்பதைப் பரந்தாமன் சொல்லவில்லை. தீர்ப்புச் சாதகமாக வந்திருக்கும்போது நீதிபதியைச் சீண்டுகிறவன் எவனும் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து 'விலகல்' ஆசிரியர் ஆனந்தன் ரயிலேறி நேரில் வந்தார். ஜோல்னாப் பை, கண்ணாடி, பரந்தாமனுடையதைவிடக் கொஞ்சம் குறைந்த தாடி. துளசிங்கமும் அன்று வீட்டில் இருந்தார். ரஞ்சிதம் காபி கொண்டுவந்தாள்.

"பரந்தாமன், மெட்ராஸ்ல உங்க கதையைப் பத்தித்தான் பேச்சு" என்றார் ஆனந்தன். "ஒரு மனுஷன் தன்னையே குடைஞ்சு குடைஞ்சு தேடுறான். கதவைத் திறந்தா வெளியில உண்மையும் இல்ல, கடவுளும் இல்ல, ஒரு விளம்பரம் நிக்குது. நவீனத்துவத்துக்கே அங்க சாவு மணி அடிச்சிட்டீங்க. தமிழ்ல முதல் பின்நவீனத்துவக் கதை இதுதான்னு ஒரு கட்டுரையே வரப்போகுது."

"அதுன்னா இன்னாங்க?" என்றார் துளசிங்கம்.

"பழசு, புதுசு, உசந்தது, மட்டமானது எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, எதையும் நம்பாம, விளையாட்டாச் செய்யறதுங்க."

"ஆங். போன வருஷத்து டிசைன்ல கரையை மட்டும் மாத்தி இந்த வருஷத்துதுன்னு விக்கிறது. எங்கூர்ல எல்லாரும் அதான் பண்ணிகினு கீறாங்க."

ஆனந்தன் அதைப் பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். பிறகு பரந்தாமன் பக்கம் திரும்பினார்.

"ஒரு சிக்கல். எங்காளு ஒருத்தர், இது அச்சுப் பிழை, கதை பாதியில வெட்டுப்பட்டிருக்குன்னு சொல்லிட்டுத் திரியறார். பிழைன்னா அடுத்த இதழ்ல மன்னிப்புக் கேட்டு மீதியைப் போட்டுடுறேன். மெட்ராஸ்ல நாங்க நடத்துற விமர்சனக் கூட்டத்துல வேற கதையை எடுத்துக்குவோம். பிழை இல்லன்னா ஞாயித்துக்கிழமை முழுக்க உங்க கதைதான். நீங்களே சொல்லுங்க. கதை அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"

பரந்தாமன் காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். கதவோரம் ரஞ்சிதம் நின்றாள். இருக்கிறது என்று சொன்னால் கடைசிப் பக்கம் பிழைக்கும். அது அச்சில் வரும்வரை தலைமுடியும் பிழைக்கும். ஆனால் இன்னொரு பரந்தாமனாகத்தான் பிழைக்க வேண்டும்: மன்னிப்புக் குறிப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் பரந்தாமன். அந்தக் கடைசிப் பக்கத்தை அவன் எத்தனையோ தடவை அடித்து அடித்து எழுதியிருந்தான். கதையை எழுதியதே அந்தப் பக்கத்துக்காகத்தான்.

"அவ்வளவுதான்" என்றான். "அதோட கதை முழுசு."

ஆனந்தன் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ரஞ்சிதம் உள்ளே போய், ஒரு மஞ்சள் துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

ஆனந்தன் போன பிறகு துளசிங்கம் தம்மால் ஆனதைச் செய்து பார்த்தார். "பூமுடி குடுத்தா போதாதா, ரஞ்சிதம்? ரெண்டு மயிரை நறுக்கிப் போட்டா சாமி ஒத்துக்கும்."

"முருகன் முழுசா குடுத்துட்டாரு நைனா. நாம மட்டும் சில்லறையா குடுக்கறதா?"

கிருத்திகையன்று நாவிதர் தாடியைத்தான் முதலில் எடுத்தார். பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டான். சந்தனம் பூசியதும் தலை ஜில்லென்று இருந்தது. அவனுக்கே பிடித்திருந்ததுதான் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் போனபோது ரஞ்சிதமும் உடன் போனாள். கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில். ஆனந்தனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"வேண்டுதல்" என்றான் பரந்தாமன்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த மனிதர் வாழ்க்கையையே பகடியாகப் பண்ணுகிறார் என்று ஒருவர் சொன்னார். லுங்கியைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். கதவுக்கு வெளியே என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் அங்கே வாசித்த கட்டுரையின் சாரமே.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம்தான் கேட்டாள்.

"அந்தாளு கதவைத் தொறந்தானே. வெளியில யாரு இருந்தா?"

பரந்தாமன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையிலிருந்து அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்தான். ரயில் சத்தத்துக்கு மேல் தாழ்ந்த குரலில் படித்தான். வெளியே அந்த ஆளின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிறாள். அவன் வெகுநேரம் அவளைப் பார்க்கிறான். பிறகு கதவை மறுபடி சாத்திக்கொள்கிறான். அவ்வளவுதான்.

ரஞ்சிதம் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"சோத்தையாவது வாங்கிகினு சாத்தலாம் இல்ல?"

"அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"அதான் தெரியுதே. நல்லாத்தான் கீது. அழுவை கூட வருது. இதைப் போயி இல்லன்னு சொல்லிட்டீங்க." சட்டென்று அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப கதை இன்னும் முழுசா வரலியா?"

பரந்தாமன் பக்கத்தை மடித்துப் பையில் வைக்கப் போனான். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"நாம குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சி" என்றாள். "மீதிச் சரக்கு சாமிகிட்ட நிக்குது. நாளைக்கே மலை மேல போயிக் கேக்கறேன்."