என் தட்டில் நெஞ்செலும்பு

ரத்தம் ஏழுதான் இருக்கிறது, பத்து வந்தால்தான் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க முடியும் என்று டாக்டரம்மா இரண்டாவது தடவையும் என்னைத் திருப்பி அனுப்பினார்.

"கறி, ஈரல்னு சாப்பிடுறியாம்மா? கீரையை விட அதுல இருக்க இரும்புதான் உடம்புல சுளுவா ஒட்டும்."

"ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீட்டுல கறிதான் டாக்டர்" என்றேன். பொய்யில்லை. நான்தான் சமைப்பேன். நெஞ்செலும்பும் ஈரலும் மாமனாருக்கும் என் வீட்டுக்காரர் அருள்பாண்டிக்கும் போய்விடும். மாமியாருக்கும் எனக்கும் குழம்பு. சட்டியைத் துழாவினால் உருளைக்கிழங்கு கிடைக்கும். என் வீட்டுக்காரர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் என்று பை பையாக வாங்கிப் போடுவார். கறித்துண்டு மட்டும் எனக்கான மருந்தாக அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று போனைப் பார்த்தேன். அவர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். ரிங் ரோட்டுக் கடை ஒன்றில் புகையில் சுட்ட மட்டன் ரிப்ஸ், அதே நெஞ்செலும்புதான்; சுற்றிலும் ஜிம் கூட்டாளிகள். 'ஃபுல் புரோட்டீன் மாப்ள!' என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோட்டீன் இவர் உடம்பில் மட்டும்தான் ஒட்டுமா?

மறுநாள் மதியம் அதே கடைக்கு ஆட்டோ பிடித்தேன்.

"எத்தனை பேரு அக்கா?" என்றார் சப்ளையர்.

"ஒரே ஆள்தான். ரிப்ஸ் ஒரு முழுத் தட்டு கொண்டாங்க தம்பி."

ஓரம் கருகி, புகை வாசத்தோடு வந்தது. சவ்வு வரை கடித்து இழுத்தேன். கொழுப்பும் உப்பும் தூக்கல்தான். ஒரு வேளையில் ரத்தம் ஏறிவிடாது என்பதும் தெரியும். இருந்தாலும் ருசித்துத் தின்றேன். எண்ணெய்க் கையோடு படம் எடுத்து நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன்: 'ரத்தம் ஏழுதான் இருக்கு. அதான் சாப்பிடுறேன்.'

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பிடித்துக்கொண்டார்.

"பொம்பள ஒத்தையில உக்காந்து எலும்பு கடிக்கிறதைக் கல்லுப்பட்டிச் சொந்தம் அம்புட்டும் பாத்துருச்சுடி. மானமே போச்சு!"

"கல்லுப்பட்டில இருக்கவுக என் தட்டைப் பாத்துட்டாக. ஒரே வீட்டுல இருக்க நீங்க என்னைக்குப் பாத்தீங்க?"



அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் உட்காரும் முன்பே இரண்டு தட்டு எடுத்து நெஞ்செலும்பைப் போட்டேன். மாமியார் முத்துத்தாய் பதறிப்போனார்.

"ஆம்பளைக இன்னும் சாப்பிடலையே தமிழு?"

"அவுகளுக்குத்தான் குழம்பு இருக்குல்ல அத்தை. உருளைக்கிழங்கும் கிடக்கு."

அத்தை ஒரு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு இருந்ததிலேயே பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.