எச்சில் சொன்ன வயது

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு கிழவர்கள் ஆயுள் முழுக்க ஒருவரை ஒருவர் ‘ஏப்பா’ என்றே கூப்பிட்டு வந்தார்கள். ஒருவர் ஐயாக்கண்ணு. மற்றவர் இருசப்பன். இருவரும் பங்காளிகள். ஆகவே ஒருவர் அண்ணனாகவும் மற்றவர் தம்பியாகவும் இருந்தே தீர வேண்டும். யார் அண்ணன் என்பதில்தான் தகராறு. வாய் தவறி ஒருமுறை ‘அண்ணே’ என்றுவிட்டால் இளையவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இருசப்பனின் காப்பிக் கொட்டைக் களம் தீப்பிடித்து எரிந்த அன்றுகூட, “ஏப்பா, உன் களம் எரியுது” என்றுதான் தகவல் போயிற்று.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் சேர்வராயன் கோயில். திருவிழாவுக்கு ஊர் கூடி மலையேறும்போது, ஊரிலேயே மூத்த ஆண்தான் சாமியின் குகைக்குள் முதலில் போய், பூசாரி கையால் தலையில் பட்டுத்துணி கட்டிக்கொள்வார். அது அவ்வூர் வழக்கம். ஐயாக்கண்ணுவின் தகப்பனும் பாட்டனும் கட்டிய துணி அது. இதுவரை அந்த இடத்தில் இருந்த பெரியவர் கந்தசாமி தை மாதத்தில் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்து கை கால் கழுவுவதற்குள், ஊர் இந்த இருவரையும் ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஆதார் அட்டை உதவவில்லை. அதில் இருவருக்கும் ஒரே வருடம், ஒரே ஜனவரி ஒன்று. பதிவு செய்ய வந்தவர் பாதி ஊரை அந்த ஒரே நாளில் பிறக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேலத்திலிருந்து கீர்த்தனா வந்தாள். மலையில் இருப்பவர்களுக்கு எப்படி முதுமை வருகிறது என்று ஆராய்கிற பெண். ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதுமாம்.

“அதை வச்சு உடம்போட வயசைச் சொல்லிரலாமுங்க தாத்தா. நம்ம செல்லுக்குள்ள டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்குதுங்க. அது மேல நுணுக்கமா சில அடையாளம் ஒட்டியிருக்கும். வயசாக வயசாக அந்த அடையாளமெல்லாம் மாறும். ஆனா, பொறந்த வருசம் வேற, உடம்பு வயசு வேறங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு தரம் சொன்னாள். ஊர் அதை ஒரு தரமும் கேட்டுக்கொள்ளவில்லை. எச்சில் வயதைச் சொல்லும் என்ற மட்டில் காதில் வாங்கிக்கொண்டு, பலாமரத்தடியில் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. எச்சிலில் எவர் மூத்தவரோ அவருக்கே துணி. நாட்டில் பெரிய பெரிய விவகாரங்களையே இதைவிடக் குறைந்த யோசனையில் முடிக்கிறார்கள் என்பதால், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐயாக்கண்ணு நிமிர்ந்த முதுகோடு போய்க் கம்பீரமாகத் துப்பினார். சாமையும் ராகியும் தின்ற உடம்பு. பீடி தொட்டதில்லை. தினமும் கிளியூர் வரை நடந்துபோய்த் திரும்புகிறவர். எந்தப் பரீட்சை வைத்தாலும் இந்த உடம்பு ஜெயிக்காமல் எந்த உடம்பு ஜெயிக்கும்? இருசப்பனோ ஒரு பீடியை அணைத்துவிட்டுத் துப்பினார். துப்பியதும் அடுத்ததைப் பற்றவைத்தார். எஸ்டேட் லாரி ஓட்டிய நாளிலிருந்து சாராயத்துக்கும் அவர் குறை வைத்ததில்லை.

முடிவு சொல்ல கீர்த்தனா மறுபடி வந்த அன்று மரத்தடியில் நிற்க இடமில்லை.

“ஐயாக்கண்ணு தாத்தா, நொம்பச் சந்தோசமுங்க! உங்க உடம்புக்கு அறுபத்தொண்ணு!”

ஐயாக்கண்ணு தலையை அசைத்து வாழ்த்தை ஏற்றுக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துத்தான் விஷயம் உறைத்தது.

“இருசப்பன் தாத்தாவுக்கு...” அவள் குரல் தணிந்தது. “எண்பத்தாறுங்க.”

இருசப்பன் வீட்டார் விசில் அடித்தார்கள். அவர் மகன் சரவெடிக்கு நெருப்பு வைத்தான். “அதெல்லாம் நல்லதில்லீங்க! நுரையீரல் டாக்டரைப் பாக்கோணும், பீடியை உடோணும்” என்று அந்தப் பெண் கத்தியது வெடிச் சத்தத்தில் கரைந்தது. ஒரு மனிதனின் உடம்பு கெட்டுப்போனதற்கு அவன் பிள்ளைகளே வெடி வெடித்துக் கொண்டாடிய காட்சி சேர்வராயன் மலைக்கும் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

ஐயாக்கண்ணு வீட்டில் அவர் மனைவி ராசாத்தி காத்திருந்தாள்.

“ஏனுங்க, எனக்கே எழுபதுக்கு மேல ஆச்சு. அப்ப நான் எளையவனையா கட்டிக்கிட்டேன்? எங்கப்பன் ஒரு வார்த்த சொல்லலியே! இனிமே உங்களப் பேரு சொல்லிக் கூப்பிடட்டுங்களா?”

“வாய மூடு.”

“செரீங்க கண்ணு.”

ஐயாக்கண்ணு சாப்பிடாமல் எழுந்து போய், ஜீப்புக்குக் காத்திருந்த கீர்த்தனாவைப் பிடித்தார். “மனுசன் எதுக்குத்தான் சாமி மூப்பாகுறான்?”

“உடம்பு தெனமும் சேதமாகுதுங்க தாத்தா. அது தன்னைத்தானே ரிப்பேரும் பண்ணிக்குது. ஆனா புள்ளகுட்டி பெத்து வளக்குற காலம் வரைக்குந்தான் ரிப்பேர்ல அக்கறை. அதுக்கு மேல இயற்கை அவ்வளவாக் கண்டுக்கறதில்லீங்க.”

“நம்ம பஞ்சாயத்து ரோடு மாதிரி.”

“அதேதானுங்க. பீடி, சாராயம்னா ரோட்டுல தெனம் லாரி உடற மாதிரி.”

ஐயாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இப்பத் தொடங்கினா, திருவிழாவுக்குள்ள எத்தன வயசு ஏறும்?”

அவள் அவசரமாக ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

திருவிழா வந்தது. ஊர் மலை உச்சியில் திரண்டது. மேளம் முழங்க, மாலையும் கழுத்துமாக இருசப்பன் குகை வாசலுக்கு வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். குகை தாழ்வானது. குனிந்துதான் போக வேண்டும். எண்பத்தாறு வயது முழங்கால்கள் மடங்க மறுத்தன; எண்பத்தாறு வயது மூச்சு விசிலடித்தது. மகன் கைகொடுக்க முன்னால் பாய்ந்தான்.

“நில்லு!” என்றார் பூசாரி. “மூத்தவருக்கு முன்னால எளவட்டம் உள்ள போகப்படாது. அடுத்த மூத்தவர்தான் முன்ன போய்க் கையப் புடிக்கோணும்.”

எல்லாக் கண்களும் ஐயாக்கண்ணுவைத் தேடின. எவனுக்கும் வளையாத முதுகு அது. கும்பிடு போடுவதைக்கூட நின்ற நிலையில் முடித்துக்கொள்ளும். இன்று மறுத்தால் பொறாமை என்பார்கள். போனால், துணி கட்டப் போகிறவனுக்குக் கைத்தடி ஆனான் என்பார்கள். அவர் தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குகைக்கு முதுகு காட்டிக் குனிந்து, இருசப்பனின் இரண்டு கைகளையும் பற்றி, பின்பக்கமாக அடி வைத்து உள்ளே நுழைந்தார். அந்த அறுபத்தொரு வயது இடுப்பு முனகக்கூட இல்லை.

பத்தடி தாண்டியதும் இருட்டு. மேளச் சத்தம் வெளியிலேயே தங்கிவிட்டது. இருசப்பன் நடையை நிறுத்தினார்.

“ஏப்பா.”

“சொல்லு.”

“அந்தப் புள்ள எண்பத்தாறுன்னு சொன்னப்ப எல்லாரும் வெடி போட்டாங்க. நானுஞ் சிரிச்சேன். ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது. எம்பட வண்டி அவ்வளவுதானா?”

ஐயாக்கண்ணு பின்பக்கமாக இன்னோர் அடி வைத்தார். “நீ எங்க சாவப்போற? செத்தா துணி எந்தலைக்கு வந்துருமே. அந்த வயித்தெரிச்சல்லயே இன்னும் இருவது வருசம் ஓட்டிருவ.”

இருசப்பன் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கால் ஈரப் பாறையில் வழுக்கியது.

“அண்ணே! கைய உட்றாதீங்கண்ணே!”

ஆயுள் முழுக்கக் காத்திருந்த சொல். கேட்க ஊர் இல்லை, பங்காளி இல்லை, மைக் செட் இல்லை. உள்ளே விளக்கடியில் இருந்த சாமி ஒன்றுதான் சாட்சி. அது எந்தப் பஞ்சாயத்திலும் வந்து சாட்சி சொன்னதில்லை.

“மெதுவாப் பேசு தம்பி” என்றார் ஐயாக்கண்ணு, பிடியை இறுக்கி. “வெளிய உம்பட பையன் நிக்கிறான்.”

பிறகு உள்ளே வந்த பூசாரி துணியை இருசப்பன் தலைக்குத்தான் கட்டினார். வெளியே வந்ததும் அவர் மகன் மறுபடி வெடி வைத்தான். ஐயாக்கண்ணு முதுகை நிமிர்த்தி, வெறுந்தலையோடு ஓரமாக நின்றார்.

ராசாத்தி பக்கத்தில் வந்தாள். “துணி போச்சு. ஊடு வரைக்கும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு வருவீங்கன்னு பாத்தா, சிரிக்கிறீங்க?”

“அறுபத்தொண்ணுதானே” என்றார் ஐயாக்கண்ணு. “வெவரம் பத்தாத வயசு.”