தொண்டர் அணி நட்ட தக்காளி

இத்தாலியின் பலெர்மோ நகரில் தமிழ்ச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. போன மாசியில் இன்னொன்றும் சேர்ந்தது: விவசாயத் தொண்டர் அணி. ஆறு நாளும் சிக்னோராக்கள் என்கிற இத்தாலிய எசமானிகளின் வீடு துடைக்கிற முன்னாள் கமக்காரர்கள், ஞாயிறுகளில் சிசிலிக் கிராமங்களுக்குப் போய், தனித்துப்போன கிழவர்களுக்குத் தோட்டத்தில் கைகொடுப்பார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் தலைவராக வாய்த்தவர் கிறிகோரி. ஊரில் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியவர். மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்று கேட்டால், கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்.

அருள்நாயகி அப்படியல்ல. வன்னியில் வயலும் தோட்டமுமாக இருந்தவள். இப்போது வியா மக்வேதாத் தெருவில் சால்வோ என்பவனின் வீட்டைத் துப்புரவாக்குகிறாள். நகருக்கு வெளியே பகேரியாவில் இருக்கிற தகப்பன் நீனோவின் தோட்டத்தை விற்றுவிட்டு, கிழவரை முதியோர் இல்லத்தில் விடப்போவதாகச் சால்வோ தொலைபேசியில் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஞாயிறு பின்னேரம் போய்ப் பார்ப்பானாம். கிழவர் கொத்திவிட்ட நிலம் இன்னும் வெறுமையாகக் கிடந்தால் விற்பனைதான். தன் காணியை விட்டுவிட்டு ஓடிவந்தவள் அருள்நாயகி. நேரே கிறிகோரியிடம் போனாள்.

"அண்ணை, இந்த ஞாயிறு அங்கை போவம். கண்டுகளை நட்டுக் குடுத்தாச் சரி."

"என்னட்டை விடும் தங்கச்சி. பெரிசாச் செய்வம்."

அந்தப் பெரிசுதான் வினையாய்ப் போயிற்று. பல்லரோச் சந்தையில் வாங்கிய தக்காளிக் கன்றுகளோடு அவள் போய்ச் சேர்ந்தால், தோட்டத்தில் பந்தல், பதாகை, ஒலிபெருக்கி. அவள் கையில் சந்தனக் கும்பாவையும் பன்னீர்ச் செம்பையும் திணித்தார்கள். கிழவரைப் பிடித்து முன்வரிசையில் இருத்தி மாலை போட்டார்கள். மங்கல விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. கிராம மக்களின் மனநலம் பற்றிக் கிறிகோரி முழங்க முழங்க, பெட்டியில் கன்றுகள் தலை சாய்ந்தன.

"அண்ணை, வெயில் ஏறுது. எப்ப நடுறது?"

"நிகழ்ச்சி நிரலிலை கடைசியா இருக்கு. பொறும்."

அவள் கும்பாவை வைத்துவிட்டுத் திரும்பினால், முன்வரிசைக் கதிரை வெறுமையாய் இருந்தது. கன்றுப் பெட்டியையும் காணவில்லை. பந்தலுக்குப் பின்னால் கிழவர், கழுத்து மாலையோடு குந்தியிருந்து, தண்ணீர் ஊற்றி நட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் இவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது. அருள்நாயகி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினாள். ஈரமண் விரலில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நட்டாள்.

நன்றியுரை முடிந்தபோது பெட்டியில் ஒரு கன்றும் மிச்சமில்லை. பொன்னாடையோடு கிழவரைத் தேடி வந்த கிறிகோரிக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன வேலை பாத்தனீர்? ஒரு படமும் எடுக்கேல்லை. முகநூலிலை எதைப் போடுறது? திரும்ப ஒருக்கா நடுவம்."

சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். அந்த மனிசன் மண்ணில் செய்த முதல் வேலை அதுதான்.

இரண்டாவதைப் பிடுங்கும்போது சால்வோவின் கார் வந்து நின்றது. தகப்பன் சேற்றில் குந்தியிருக்கிறார். யாரோ ஒரு கோட்டுக்காரன் அவருடைய கன்றுகளைப் பிடுங்குகிறான். விற்க வந்தவன்தான், ஆனாலும் பெற்றவரின் உழைப்பில் அந்நியன் கைவைத்தால் பொறுப்பானா? கத்திக்கொண்டு ஓடிவந்து கிறிகோரியின் கையிலிருந்து கன்றுகளைப் பறித்தான். பளபளக்கிற சப்பாத்தோடு முழங்காலிட்டு, அதே குழிகளில் வைத்து, பெருவிரலால் சுற்றிவர அமத்தினான். சின்ன வயதில் பழகிய கை மறக்கவில்லை.

"இன்னும் ஆழமாய் வை," என்றார் நீனோ. மகன் ஆழமாய் வைத்தான். பிறகு, தன் வீட்டில் வேலை செய்கிற அருள்நாயகியை அங்கே அடையாளம் கண்டு, "அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், நீங்களும் வாருங்கள்," என்றான் இத்தாலிய மொழியில். "அந்தக் கோட்டுக்காரர் மட்டும் வேண்டாம்."

கோட்டுக்காரர் படம் எடுப்பதில் மும்முரமாயிருந்தார். அன்றைக்கே முகநூலில் வந்தது: சால்வோ குனிந்து நடுகிற படம். கீழே, "சிசிலி இளைஞருக்கு எமது அணியின் நேரடி விவசாயப் பயிற்சி."

முதல் ஆளாக லைக் போட்டவள் அருள்நாயகி.