எட்டாம் பிரிவின் கடைசி வரி

"பிரிவு எட்டு. இலவசமாக அளிக்கப்படும் சிகிச்சைகள், முக்காற்புள்ளி. அ, பல் அகற்றுதல், அரைப்புள்ளி. ஆ, சொத்தை அடைத்தல், அரைப்புள்ளி. இ, ஈறு நோய்ச் சிகிச்சை, முற்றுப்புள்ளி."

அரசு அச்சகத்தின் மெய்ப்பு அறையில் மூலப்படியை உரக்க வாசிப்பது அவள் வேலை. ஒரு புள்ளியைக்கூட விடாமல் வாசிப்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் குரலைக் கேட்டபடி, அச்சுக்குப் போகவிருக்கும் தாளில் பிழை திருத்துபவர் எதிரே அமர்ந்திருந்தார். அவருடைய சிவப்புப் பென்சில் 'இ'யைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அவர் தாளில் அங்கே முற்றுப்புள்ளி இல்லை; அரைப்புள்ளி இருந்தது. அதன்கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'ஈ, செயற்கைப் பல் பொருத்துதல்.'

"ஏம்மா, அதோட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். பல்லு கட்டுறத எடுத்துட்டாங்களாம். செலவு தாங்காதாம்." ரேடியோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "பிடுங்குறது இனாம், திருப்பி வெக்கிறதுக்குத்தான் துட்டு. நல்லாருக்குல்ல நியாயம்?"

அவர் சிரிக்கவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் இந்த இலவசச் சிகிச்சைச் சட்டத்தின் முதல் வரைவு வந்தபோது அந்த வரியை அவர் படித்திருந்தார். அச்சகத்தில் படித்தது வாசலைத் தாண்டக் கூடாது. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் கசிந்ததில்லை. அந்த ஒருமுறை மட்டும் மனம் பொறுக்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் மழலையர் பள்ளியில் பாட்டு டீச்சர். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்த பிறகு, அவள் பாடும்போது வெளியேறிய காற்றையும் சேர்த்தே முப்பது குழந்தைகளும் பாடினார்கள். தலைமையாசிரியை இனிமையாகத்தான் சொன்னார்: "பல்லு கட்டிக்கிட்டு வாங்க டீச்சர். புது வருஷம் ஸ்கூல் தொறக்கிற வரைக்கும் உங்க இடம் அப்படியே இருக்கும்."

இரண்டு பல்லை மட்டும் கட்டினால் ஆடும், முழு செட்டு என்றால்தான் உறுதியாக உட்காரும் என்று யாரோ அவளுக்குச் சொன்னார்கள். போன மாதம் மேல்வரிசையில் மிச்சமிருந்தவற்றையும் எடுத்துவிட்டாள். அவற்றில் ஆறு நல்ல பற்கள். "நல்ல பல்லம்மா, யோசிச்சுக்குங்க" என்று பல் டாக்டர் இருமுறை சொன்னார். கையில் துண்டோடு பக்கத்தில் நின்ற இவர்தான், "சட்டத்துலயே வருது டாக்டர், நானே கண்ணால படிச்சேன்" என்றார். புது ஓடம் வருகிறது என்ற பேச்சைக் கேட்டு, பழைய ஓடத்தை உடைத்து அடுப்பெரித்துவிட்டு ஆற்றங்கரையில் காத்திருப்பவர்களைப் போல இருவரும் காத்திருந்தார்கள்.

இப்போது அந்த வரி அவர் விரலின் கீழே கிடந்தது. திருத்திய மூலம் வந்த பின்னும் பழைய கோப்பிலிருந்தே யாரோ பக்கத்தைத் தயாரித்திருக்க வேண்டும். ரேடியோவின் தாளில் அது இல்லை. அவர் தாளில் இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும். பேசாமல் பக்கத்தைப் புரட்டினால் போதும். நாளைக் காலை அரசிதழில் அச்சாகிவிடும். ஒரு வாரத்துக்குள் பிழைத்திருத்தம் வெளியாகும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாரத்துக்குள் எத்தனை பேர் அதைப் படித்து நம்புவார்கள், எத்தனை பேர் நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு நிற்பார்கள்?

"என்ன சார், தூக்கமா? ஒம்பதாம் பிரிவு வாசிக்கட்டுமா?"

"இரும்மா. ஒரு வரி கூடுதலா இருக்கு."

அவர் அந்த வரியின் மேல் கோடிழுத்து, ஓரத்தில் நீக்கக் குறியைச் சுழித்தார். அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கினார். எப்போதும்போல் அழகாகவே விழுந்தது கையெழுத்து.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, நம்ம சமாச்சாரம் அச்சுக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

பொய்யில்லை.

"அப்பாடா! பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் ஒன்றரை மாசம் இருக்கே, அதுக்குள்ள கட்டிடலாம். ரொம்ப வெள்ளையா வேணாம்னு சொல்லிடணுங்க. பசங்க பயந்துரும்." அவள் தன் தட்டில் பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டியால் மசித்தாள். இன்னொரு தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "உங்களுக்கு முறுகலா வாட்டியிருக்கேன். எனக்குத்தான் இந்தக் கூழு, உங்களுக்கென்ன தலையெழுத்து?"

அவள் ஏதோ ஒரு குழந்தைப் பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினாள். அவர் ரொட்டித் துண்டை வாயில் வைத்தார். கடித்தால் சத்தம் கேட்கும். உதடுகளை மூடிக்கொண்டு, அது தானாகக் கரையட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.