திரும்பிப் பார்த்த தீநாக்கு

டெல்மர் புரூயிட்டின் கறுப்பு ஃபோர்டைப் பார்க்க வந்தவர்கள் அனைவரும் முதலில் கேட்டது அந்த ஒற்றைத் தீநாக்கைப் பற்றித்தான். பெயின்டில் வரையப்பட்டு, காரின் மூக்கில் பற்றிக் கதவுவரை பாயும் மஞ்சளும் சிவப்புமான நாக்குகள் எல்லாம் காற்றில் பின்னோக்கிப் பறக்க, ஓட்டுநர் பக்கத்தில் ஒன்று மட்டும் பாதியில் சுருண்டு, வந்த வழியையே திரும்பிப் பார்த்தது.

"அது மட்டும் ஏன்டா அப்படி?" என்று கார்ச் சங்கத் தலைவன் ராஸ்கோ முதன்முதலில் கேட்டபோது டெல்மர் வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஓக்லஹோமாவப் பாக்குது. நாம விட்டுட்டு வந்த ஊர."

ராஸ்கோ குனிந்து அந்த நாக்கை விரலால் தடவினான். துலாரி நகரின் 'டஸ்ட் ஹாக்ஸ்', அதாவது 'புழுதிப் பருந்துகள்' சங்கத்தில் பாதிப்பேர், ஓக்லஹோமாவின் புழுதிப் புயலுக்குத் தப்பி, மெத்தையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு பெற்றோருடன் கலிபோர்னியாவுக்கு வந்த குழந்தைகள். பள்ளியில் ஓக்லஹோமாக்காரர்களை இழிக்கும் 'ஓக்கி' என்ற ஏளனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ராஸ்கோவும் அவர்களில் ஒருவன், டெல்மரும்தான்.

உண்மை வேறு. சென்ற இலையுதிர் காலத்தில் சாக்ரமென்டோ கார்க் கண்காட்சியில் டெல்மர் வேறொருவருடைய காரைப் புகைப்படம் எடுத்து வந்து, கோட்டுக்குக் கோடு தன் காரில் வரைந்திருந்தான். எஞ்சினைக் கட்டியவன் அவனே. கூரையை அறுத்துத் தாழ்த்திப் பற்றவைத்தவனும் அவனே. ஆனால் பெயின்ட் டப்பாவின் முன் நின்றபோது அவனுக்கென்று ஒன்றும் தோன்றவில்லை. இவர்களிடையே உதிரிப் பாகங்களை யாரிடமும் கேட்டு வாங்கலாம்; அடுத்தவனுடைய தீயை மட்டும் எடுக்கக் கூடாது. அந்தக் காரில் ஒரு நாக்கு திரும்பியிருந்தது, இவனும் திருப்பினான். ஏன் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஒரு ஞாயிறன்று, துலாரி சந்தைத் திடலில் சங்கத்தின் கார்க் காட்சி நடந்தது. டெல்மருக்கு அன்று சங்கத் தகடு கிடைக்கவிருந்தது. பருந்து பொறித்த அந்த அலுமினியத் தகட்டைக் காரின் பின்புறத்தில் சங்கிலியிட்டுத் தொங்கவிடும் உரிமை, தன் எண்ணத்தால் தன் காரைக் கட்டியவனுக்கே உண்டு. அதற்காக அவன் மூன்றாண்டுகள் காத்திருந்தான்.

ராஸ்கோ தகட்டைச் சட்டைக் கையால் துடைத்தபடி வருவோரை அழைத்துக்கொண்டிருந்தான். "கிட்ட வந்து பாருங்கம்மா! எங்க டெல்மர் வாயத் தொறக்க மாட்டான், ஆனா பெயின்ட்ல பேசுவான். இந்த நாக்கு பாருங்க, ஓக்லஹோமாவத் திரும்பிப் பாக்குது!"

நாயொன்றைக் கயிற்றில் பிடித்திருந்த பெண்மணி குனிந்து பார்த்தாள். பிறகு உரக்கச் சிரித்துவிட்டாள்.

"வர்ஜில், இங்க வாயேன்! நம்ம பிஸ்கட் இடிச்ச இடம்!"

"எந்த பிஸ்கட்?" என்றான் ராஸ்கோ.

"இதோ, இந்தத் தடி நாய்தான். எங்க வீட்டுக்காரர் எங்க கார்ல இத வரையறப்போ முழங்கையில மூக்கால முட்டிட்டான். பிரஷ் வழுக்கிடுச்சு. அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே சுருட்டிவிட்டுட்டாரு..."

வர்ஜில் என்ற அந்த நரைத்த மனிதர் காரைப் பார்த்தார். பிறகு டெல்மரின் முகத்தைப் பார்த்தார். டெல்மருக்குக் காதுமடல்கள் எரிந்தன.

"வெயில்ல உனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது, நேடீன். நம்மளது வேற மாதிரி," என்றார் அவர் மனைவியிடம்.

"என்ன வேற மாதிரி? அச்சு அசலா..."

அவர் மனைவியின் முழங்கையை மெல்ல அழுத்தினார். "நல்லா வரைஞ்சிருக்கே தம்பி. கை நடுங்கல." பிறகு ராஸ்கோவிடம், "எங்க வண்டிய உள்ள கொண்டு வரல. சூடாயிடுச்சு. கிளம்பறோம்" என்றார்.

வேலிக்கு அப்பால், வரிசையில் அவர் காரின் கறுப்பு மூக்கு தெரிந்தது. அதிலிருந்து ஆவி ஏதும் எழவில்லை. காட்சியில் தங்கள் காரை நிறுத்த வெகுதூரம் ஓட்டி வந்தவர்கள், அவனுக்காகத் திரும்பப் போகிறார்கள். இனி அவன் பொய் சொல்லவும் தேவையில்லை. பேசாமல் நின்றால் போதும்.

"நக்கலப் பாரு, நாய் முட்டுச்சாம்ல!" என்று சிரித்த ராஸ்கோ, பின்புறம் மண்டியிட்டான். "டேய், இந்தச் சங்கிலியப் பிடி, மாட்டிடலாம்."

டெல்மர் பிடிக்கவில்லை. 'கை நடுங்கல' என்ற அந்தச் சொல்தான் அவனை வாயிலை நோக்கி ஓட வைத்தது.

வர்ஜில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உள்ள கொண்டு வாங்க சார்."

"விடு தம்பி. உன் கூட்டாளிங்க முன்னாடி எதுக்கு?"

"என் வண்டி பக்கத்துல நிறுத்துங்க."

"ஒரு ஓரமா நிறுத்தறேன். யாரும் சேத்துப் பாக்க மாட்டாங்க."

"இல்ல சார். பக்கத்துலயே."

அவன் முன்னே நடந்து கூட்டத்தை விலக்க, கார் உறுமியபடி பின்னே வந்தது. அத்தனை நீளமான நடையை அவன் அதுவரை நடந்ததில்லை. இரண்டு கார்களும் அருகருகே நின்றன. இரண்டிலும் ஒரு நாக்கு திரும்பியிருந்தது.

"ஒரே வயித்துல பொறந்ததா?" என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தனர்.

"அவரோடது முதல்ல," என்றான் டெல்மர். "நான் பாத்து வரைஞ்சேன்."

ராஸ்கோ எழுந்து, சங்கிலியைத் தகட்டின்மீது சுற்றினான். அவன் திட்டியிருந்தால் டெல்மர் தாங்கியிருப்பான்.

"பெயின்ட்ட விடு, சுரண்டினாப் போயிடும்," என்றான் ராஸ்கோ தணிந்த குரலில். "அப்போ ஓக்லஹோமா?"

டெல்மர் இல்லை என்று தலையசைத்தான்.

"அது ஓக்லஹோமாவப் பாக்குதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்டா. நீ எங்க தெருவுல போறப்பல்லாம் வாசல்ல வந்து நிக்கிறாளே, உன்னப் பாக்கவான்னு நெனச்சே?"

மாலையில் டெல்மர் வீடு திரும்ப இரு வழிகள் இருந்தன. பருத்தி வயல்களைச் சுற்றிச் செல்லும் மண்சாலையில் எவரும் இருக்கமாட்டார்கள். அவன் ராஸ்கோவின் தெருவிலேயே திரும்பினான்.

எஞ்சின் ஓசை கேட்டு ராஸ்கோவின் அம்மா வழக்கம்போல் வாசலுக்கு வந்தாள். மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, காரின் பக்கவாட்டில் திரும்பியிருந்த அந்த நாக்கைப் பார்த்துக் கையசைத்தாள்.

டெல்மர் எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கீழே இறங்கினான்.