நேரில் வரச் சொன்ன டாக்டர்

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். பச்சையம்மாளுக்கு இருபது நாளாகச் சோறு இறங்கவில்லை, விட்டுவிட்டுக் காய்ச்சல். திருவண்ணாமலைக்குப் போய்க் காட்டலாம் என்றாள். அவள் புருஷன் சகாதேவனுக்கோ டவுன் ஆஸ்பத்திரி என்றாலே வேப்பங்காய். ஊரிலேயே அருணாதேவி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். புதன்கிழமைதோறும் டவுன் டாக்டர் வேதா அங்கே கேமரா வழியாக நோயாளிகளைப் பார்ப்பார்.

"கையில வெண்ணெய வச்சிகினு எதுக்கு நெய்க்கு அலையணும்?" என்று பெண்டாட்டியை அங்கே கூட்டிப்போனான்.

கேமரா என்றால் போட்டோ என்றுதான் பச்சையம்மாள் நினைத்தாள். முகத்துக்கு மஞ்சளை ஜாஸ்தியாகவே பூசிக் குளித்து, கல்யாணப் புடவையில் வந்து விறைப்பாக உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்கப் பின்னால் எட்டுப் பேர்.

டாக்டர் எதைக் கேட்டாலும் "கொஞ்சம் அசதிங்க, அவ்ளோதான்" என்றாள். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டபோது எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சத்து மாத்திரை எழுதித் தந்தால் கிளம்பலாம் என்று சகாதேவன் எழுந்தே விட்டான்.

"இருங்க. எதுக்கும்மா கைய சொறிஞ்சிகிட்டே இருக்கீங்க?"

"கொசுங்க."

"பட்டப்பகல்லயா? காமாலைன்னாலும் அரிக்கும். மூஞ்சி வேற மஞ்சளா இருக்கே. பூசின மஞ்சளா, காமாலையானு இந்தப் பெட்டியில எனக்குத் தெரியல. தெரியாம மாத்திரை எழுத மாட்டேன். இப்பவே கிளம்பி வாங்க."

அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டரின் கிளினிக்குக்கு இன்னும் மூன்று மைல். பச்சையம்மாளால் பத்தடி நடக்க முடியவில்லை. சகாதேவனுக்கு டாக்டர் மேல்தான் கோபம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டான்.

அரைமணியில் டாக்டரே ஸ்கூட்டியில் கூட்டத்துக்குள் புகுந்து வந்துவிட்டார். பச்சையம்மாளை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விழி எலுமிச்சம்பழமாக இருந்தது. காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டார். கேமரா முன்னால் சொல்லாததையெல்லாம் அவள் சொன்னாள். வலது விலாவுக்குக் கீழே விரல் பட்டதும் துடித்துப் போனாள்.

"பித்தப்பைக் கல்லு வழிய அடைச்சிருக்கும்போல. இன்னிக்கே வேலூர் போயிடணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்று அவரே ஒரு காரைப் பிடித்து இருவரையும் ஏற்றிவிட்டார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்குச் சத்து மாத்திரையோடு வீடு திரும்பியிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் சகாதேவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவான்.

ஒரு மாதம் கழித்து, கம்ப்யூட்டரிலேயே வந்து பேசினால் போதும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். சகாதேவன் கேட்கவில்லை. பெண்டாட்டியோடு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கிளினிக்கில் போய் நின்றான்.

"பெட்டியிலயே பேசியிருக்கலாமே, எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"இவ நல்லாயிட்டானு சொல்றதுக்கு அது போதும்ங்க. கும்புடறதுக்கு நேர்லதாங்க வரணும்" என்று சகாதேவன் இரண்டு கையையும் கூப்பினான்.